வார்த் தடம்

தங்கையின் வலது கால் என் மடியில் இருந்தது. கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவிலிருந்து கிளம்பி, பாதத்தின் இரு பக்கமும் பிரிந்து போகும் வெளிறிய கோடு. செருப்பு வார் மறைத்து வைத்திருந்த, வெயில் படாத தோல். மற்ற இடமெல்லாம் கறுத்திருக்க, அது மட்டும் சுண்ணாம்பால் இழுத்ததுபோலப் பளிச்சென்று தெரிந்தது. அதன்மேல் மேக்கப் கிரீமை விரல் நுனியால் தொட்டுத் தொட்டு அப்பிக்கொண்டிருந்தேன். இவ்வளவு பொறுமையாக நான் என் முகத்தைக்கூடத் தொட்டதில்லை.

"கூசுதுக்கா," என்றாள்.

"ஆட்டாதே. ஸ்கேல் பார்த்தா தோலை உரிச்சுடும்."

ஸ்கேல் என்றால் எங்கள் நடனக்குழுவை நடத்தும் மேடம். முன்னால் மேடம், முதுகுக்குப் பின்னால் ஸ்கேல். மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு நாங்கள் பதினான்கு பேரும் ஒத்திகைக் கூடத்தின் சுவரோரம் வெறுங்காலை நீட்டி உட்கார வேண்டும். அவர் கையில் ஓரடி மர ஸ்கேலோடு வரிசையாக வருவார். உள்ளங்கால் வளைவுக்குக் கீழே ஸ்கேலைச் செருகிப் பார்ப்பார். விரல்களைப் பிரித்துப் பார்ப்பார். வீக்கம் இருந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார், அந்த இடத்தை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிடுவார். செருப்பு வார்த் தடம் இருந்தால் குழுவிலேயே இடமில்லை. "ரப்பர் செருப்பு போடுறவ கால் காக்கா கால். எதையாவது பிடிச்சுக்கிட்டேதான் இருக்கும். எனக்குத் தரையை விடத் தெரிஞ்ச கால் வேணும்," என்பார். பதினோரு வருடமாகக் கேட்கிறேன். எனக்கு அது வேதவாக்கு. வீட்டு வாசலைத் தாண்டினால் மூடிய ஷூதான், அதுவும் பாதம் அகன்றுவிடக் கூடாதென்று அரை அளவு சிறியது, நாடாவை இறுக்கிக் கட்டி. ஊரார் கால்விரலுக்குக் காற்று காட்டும் நேரத்தில் என் விரல்கள் பத்தும் பேருந்தில் நெரிபடும் ஜனம்போல ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும்.

அப்படியிருக்க, தங்கைக்கு அந்த ரப்பர் செருப்பை வாங்கிக் கொடுத்தவள் நான்தான்.

பொறாமை என்று சொல்லிவிடுகிறேன். வேறு நல்ல பெயர்கள் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. அவள் என்னைவிட மூன்று வயது சின்னவள். நான் சேர்ந்து ஏழு வருடம் கழித்துக் குழுவுக்கு வந்தாள். வந்த இரண்டாம் வருடமே முன்வரிசைக்குப் போனாள். நான் அவளுக்கு நேர் பின்னால் நின்றேன். மேடையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் பிடரியும் குதிகாலும்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கு ஆடவும் தெரியும், கூடமும் நேராகத்தான் இருந்தது, முன்னால் நின்றவள்தான் உறுத்தினாள். அவளுடைய இருபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு நீலவார் போட்ட, மெத்தென்று அமுங்கும் செருப்பாகப் பார்த்து வாங்கினேன். கடைக்காரர் ஒவ்வொன்றாக வளைத்துக் காட்ட, இருப்பதிலேயே அதிகம் வளைவதை எடுத்தேன். அம்மா பார்த்துவிட்டு, "கூடப் பிறந்தவளுக்கு இப்படிப் பார்த்துப் பார்த்து எவ வாங்குவா," என்று பூரித்துப் போனாள்.

"மேடத்துக்குத் தெரிஞ்சா?" என்று தங்கை தயங்கினாள்.

"தெரு முனை வரைக்கும் போட்டுக்கோ. அங்க ஷூவை மாத்திக்கோ. காலு பாவம்டி, காத்து வேண்டாமா?"

அக்கா வாங்கிக் கொடுத்தது என்பதற்காகவே போட்டாள். அதைப் போட்டுக்கொள்ளலாம் என்பதற்காகவே இரண்டு பேருந்து நிறுத்தத் தூரத்தை நடந்தே போனாள். தடம் விழ ஆரம்பித்ததும் பயந்தாள். நான்தான் மேக்கப் பெட்டியைத் திறந்து, இதற்கெல்லாமா பயப்படுவார்கள் என்று வழி சொன்னேன். பெட்டியில் இரண்டு டப்பாக்கள். இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறக் கிரீம், மூடிதான் வேறு. சாம்பல் மூடி மேடைக்கானது. வியர்வைக்கும் தண்ணீருக்கும் அசையாது, எண்ணெய் போட்டுத் தேய்த்தால்தான் போகும். வெள்ளை மூடி போட்டோ எடுக்கும்போது முகத்துக்குப் போடுவது. ஈரக்கை பட்டாலே கரைந்துவிடும். நான் சாம்பல் மூடியைத்தான் எடுப்பேன். அவள் கால் கெட வேண்டும் என்பதுதான் என் கணக்கு, மாட்டிக்கொள்ள வேண்டும் என்பதல்ல. மாட்டிக்கொண்டால் பாவம் என்பார்கள். கால் கெட்டால் விதி என்பார்கள்.

ஒரு வருடம் காத்திருந்தேன். மாலையில் அவள் காலைப் பிடித்து அமுக்கிவிடுவேன். எங்கே வலி தொடங்கியிருக்கிறது என்று தேடுவேன். கெண்டைக்கால், குதிநரம்பு, கட்டைவிரல் மூட்டு என்று ஒவ்வொன்றாக அழுத்தி, "வலிக்குதா?" என்பேன்.

"இல்லக்கா. சுகமா இருக்கு," என்று கண்ணை மூடிக்கொள்வாள்.

அவள் தாவல் முன்பைவிட உயர்ந்தது. இறங்கும்போது சத்தமே கேட்கவில்லை. மேடமே ஒருநாள் எல்லோரையும் நிறுத்தி, "இவ காலைப் பாருங்க, இதுதான் காலு," என்றார். நான் ஷூவுக்குள் விரல்களை மடக்கிக்கொண்டு பார்த்தேன்.

பிறகு புது நாட்டிய நாடகம் வந்தது. முக்கால் மணி நேரம் ஒருத்தி மட்டும் ஆடும் பாத்திரம். பதினான்கு பேரில் பன்னிரண்டு பேரைக் கழித்தார்கள். மிஞ்சியது நானும் அவளும். அம்மா, "யாருக்குக் கிடைச்சாலும் நம்ம வீட்டுக்குத்தானே," என்றாள். அம்மாக்களுக்கு வீடு என்பது ஒரே பாத்திரம். யார் சாப்பிட்டாலும் சரி என்று நினைத்துக்கொள்வார்கள்.

தேர்வு நாள் காலையில்தான் அவள் கால் என் மடியில் இருந்தது. அன்று நான் வெள்ளை மூடியைத் திறந்தேன். கை நடுங்கியது என்று சொல்ல ஆசைதான். நடுங்கவில்லை.

முதலில் நான் ஆடினேன். ஒரு பிழை இல்லை. "சரி," என்றார் மேடம். பிறகு அவள். நான்காவது நிமிடத்தில் அவள் முதுகு நனைந்தது. ஆறாவது நிமிடத்தில் தரையில் முதல் கறை விழுந்தது. பழுப்பு நிறத்தில், அரைக் கால் வடிவத்தில். சுழலச் சுழல மரத்தரை முழுக்க அவள் காலடிகள் விழுந்தன. அவளுக்கு மட்டும் தெரியவில்லை, மேலே பார்த்து ஆடிக்கொண்டிருந்தாள். மேடம் பாட்டை நிறுத்தச் சொன்னார். கிட்டே வந்து குனிந்து, கரைந்து வழிந்த கிரீமை ஸ்கேலின் ஓரத்தால் வழித்தார். உள்ளே வெள்ளைக் கோடு இரண்டாகப் பிரிந்து நின்றது.

"எத்தனை நாளா?"

"ஒரு வருஷம், மேடம்."

"யாரு வாங்கிக் கொடுத்தது?"

நான் ஜன்னல் பக்கம் நின்றிருந்தேன். அவள் தலையைத் திருப்பினால் நான்தான் தெரிவேன். திருப்பவில்லை.

"நானேதான் வாங்கிக்கிட்டேன்."

"ஒரு வருஷமா என் முன்னாடி காலை நீட்டிப் பொய் சொல்லியிருக்க. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்க." மேடம் ஸ்கேலைத் தன் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். "தரையைத் துடைச்சுட்டுப் போ. நாளையிலேருந்து வர வேண்டாம்."

அவள் தன் துண்டால் தன் காலடிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். நிறைய இருந்தன. முட்டி போட்டுக் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போனாள். கதவருகே நின்ற ஒருத்தி சிரித்தாள், இன்னொருத்தி அவளைக் கிள்ளினாள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். என் சதை அன்று ஆடவில்லை. துடைக்காமல் விட்ட ஒரு கறையைப் பார்த்து, அங்கே இன்னும் இருக்கிறது என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். முடித்துவிட்டு, பையிலிருந்து அந்த நீலவார்ச் செருப்பை எடுத்து அங்கேயே போட்டுக்கொண்டு படியிறங்கினாள். டப் டப்பென்று சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது. பாத்திரம் எனக்குக் கிடைத்தது.

வீட்டில் அவள் எதுவும் கேட்கவில்லை. அம்மாதான், "ஒரு செருப்புக்கா?" என்று நான்கு நாள் புலம்பினாள். பத்தாம் நாள் தங்கை நீச்சல் குளத்தில் சீட்டு கொடுக்கும் வேலைக்குப் போனாள். அங்கே எல்லோரும் ரப்பர் செருப்புத்தான், யாரும் ஸ்கேலோடு வருவதில்லை.

மூன்று மாத ஒத்திகையில் என் இடது கால் வீங்கியது. முதலில் இரவில் மட்டும், பிறகு பகலிலும். பாதத்தின் மேல்பக்கம் நீலம் பாய்ந்தது. மேடத்துக்குத் தெரியாமல், ஊரின் மறுபுறம் இருக்கும் பிசியோதெரபிஸ்ட்டிடம் போனேன். அவர் காலைப் பார்ப்பதற்கு முன் என் ஷூவைக் கையிலெடுத்து, உள்ளே விரலை விட்டுப் பார்த்தார்.

"இது உங்க ஷூதானா? குழந்தையோடதா?"

எலும்பில் மயிரிழை விரிசல் ஆரம்பிப்பதாகச் சொன்னார். ஆட்டம் பாதி, ஷூ பாதி என்றார். இரண்டு மாதம் ஓய்வு வேண்டும் என்றார். எனக்கு மேடையேற ஒன்பது நாள் இருந்தது. நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

"சார், ரப்பர் செருப்பு போட்டா டான்சர் காலுக்குக் கெடுதல்தானே?"

பிச்சை கேட்கிறவள் குரலில் கேட்டேன் போலிருக்கிறது. நிமிர்ந்து பார்த்தார்.

"நாள் முழுக்க அதையே போட்டு நடந்தா கெடுதல்தான். விரல் அதைப் பிடிச்சுப் பிடிச்சு அலுத்துப் போகும், முன்னங்கால் வலிக்கும். ஆடி முடிச்சுட்டு நாலு தெரு காத்தாட நடக்கிறதுக்கு ஒண்ணும் ஆகாது. யாரு சொன்னது?"

"எங்க மேடம்."

"உங்க காலுக்கு இந்த ஷூவை விட அது எவ்வளவோ தேவலாம்," என்று ஷூவைக் கீழே போட்டார்.

பேருந்தில் திரும்பும்போது எனக்கு அழுகை வந்தது. தங்கையை நினைத்து என்று சொன்னால் பொய். ஒரு வருடம் நான் அவள் காலுக்குக் காற்றும் வெளிச்சமும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், மாலையில் அமுக்கியும் விட்டிருக்கிறேன், அதில்தான் அவள் அவ்வளவு உயரம் தாவியிருக்கிறாள் என்ற ஆத்திரத்தில் அழுதேன்.

இன்று முதல் காட்சி. நான்கு மணிக்கு அரங்கத்தில் மேடம் கால் பார்ப்பார், ஏழு மணிக்கு ஆட்டம். மதியமே கட்டிலில் உட்கார்ந்து மேக்கப் பெட்டியைத் திறந்தேன். முட்டியை மடக்கினால் பாதத்தில் ஊசி குத்துவதுபோல இருந்தது, போட்ட பூச்சு திட்டுத் திட்டாக நின்றது. வாசலில் டப் டப்பென்று சத்தம். தங்கை வேலையிலிருந்து சீக்கிரம் வந்திருந்தாள். வாசலிலேயே நின்று என் காலைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"குடுக்கா. நான் போடுறேன்."

தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து என் இடது காலை எடுத்துத் தன் மடியில் வைத்தாள். திட்டுத் திட்டாக இருந்ததை எண்ணெய் தொட்டுத் துடைத்தாள். நீலத்தின் நடுவில் கட்டைவிரலை வைத்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

இன்னும் அழுத்தினாள். "இப்ப?"

"இல்ல," என்றேன். எனக்குக் கண் இருட்டியது.

பெட்டியை இழுத்துப் பார்த்தாள். இரண்டு டப்பாக்களையும் வெளியே எடுத்து முன்னால் வைத்தாள்.

"எந்த டப்பா?"

சாம்பல் என்று வாய் வரை வந்தது. ஏன் என்று கேட்டால் மற்றது கரைந்துவிடும் என்று சொல்ல வேண்டும். எனக்கு அது எப்போதிருந்து தெரியும் என்று அடுத்தது கேட்பாள். கேட்காமலும் இருப்பாள், அதுதான் அவள் வழக்கம்.

"ஏதோ ஒண்ணு," என்றேன். "ரெண்டும் ஒண்ணுதானே."

"ஒண்ணுதானா?" என்றாள். சிரித்தாளா என்று தெரியவில்லை, குனிந்திருந்தாள். இரண்டு மூடிகளையும் திருகித் திறந்து தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள், வெள்ளை ஒன்று, சாம்பல் ஒன்று. மூடி போன டப்பாக்கள் இரண்டும் அவள் முட்டிக்குப் பின்னால் இருந்தன. நான் கழுத்தை நீட்டினேன். அவள் வகிடுதான் தெரிந்தது. கை போய்த் திரும்பி வந்தது. கிரீம் ஜில்லென்று பாதத்தில் பட்டது.

"ஆட்டாதேக்கா," என்றாள்.