தாய்மாமன் இறக்கிய கார்

ஒரு மாதமாகப் பூமாலைக்குப் பேச்சு வாய்வரை வந்து நின்றுகொண்டிருந்தது. மகள் வேணிக்குச் செட்டிகுளம் மலையடிவாரத்தில் காது குத்த வேண்டும். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவன் தாய்மாமன் தமிழ்மாறன், பூமாலையின் மனைவிக்குத் தம்பி. ஒரு கல்யாண வீட்டில் தனக்கு முன்னால் இன்னொருத்தனுக்கு வெற்றிலை கொடுத்தார்கள் என்று சாப்பிடாமல் எழுந்து போனவன் அவன். இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும், மடி வராது.

அது தெரிந்துதான் அவன் காரில் கை வைத்தான்.

கார் இரண்டு வீட்டுக்கும் பொது. அரியலூரில் சிமெண்ட் மூட்டை சுமக்கும் பூமாலையும், சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டும் அவனும் சேர்ந்து வாங்கிய பழைய மாருதி. வாரமெல்லாம் தார்ப்பாய்க்குள் கிடக்கும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும். பூமாலை கேட்டது நல்ல பிரேக். அவன் போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கட்டை ஸ்பிரிங் வாங்கி வந்தான். வண்டியை நாலு விரல் இறக்கினால் வளைவில் தரையோடு ஒட்டிப் போகுமாம். அதோடு அகல வாய் சைலென்சர் ஒன்று. ஒட்டிக்கொண்டு எங்கே போவது? ஊருக்கு ஊர் வேகத்தடை, நடுவே லாரிகள் பறித்த பள்ளம். கேட்க வேண்டியதையெல்லாம் விழுங்கிவிட்டு, "நல்லாருக்கு மாப்ள" என்று சொல்லி வைத்தார். சொன்ன வாய் கசந்தது.

காதுகுத்து அன்று சீர்த்தட்டு, வாழைத்தார், குழந்தை, மனைவி கொளஞ்சியம்மாள், அவள் சித்தி கலியம்மாள் எல்லாம் ஏறியதும் வண்டி அடைகாக்கிற கோழி மாதிரி உட்கார்ந்துவிட்டது. முதல் வேகத்தடையிலேயே அடிவயிறு உரசியது. வண்டி ஓட்டிய தமிழ்மாறன் எல்லோரையும் இறங்கி நடந்து, அந்தப் பக்கம் வந்து ஏறிக்கொள்ளச் சொன்னான். ஏறினார்கள். அடுத்த ஊரிலும் இறங்கினார்கள். பெரம்பலூர் வருவதற்குள் கலியம்மாள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். சீர்த்தட்டைத் தலையில் வைத்து நடந்தவளைப் பார்த்து, எந்தக் கோயிலுக்குப் பாதயாத்திரை என்று டீக்கடையில் கேட்டார்கள்.

செட்டிகுளத்துக்குச் சற்று முன்னால் ஒரு வேகத்தடையின் முதுகில் கார் மாட்டிக்கொண்டது. சைலென்சர் கழன்று தொங்கியது. முகூர்த்த நேரம் போய்க்கொண்டிருக்க, தமிழ்மாறன் சாலையில் மல்லாந்து படுத்துக் கம்பியால் அதைக் கட்டப் பார்த்தான். சின்ன வெங்காயம் ஏற்றி வந்த குட்டியானை வண்டியைப் பூமாலை கை காட்டி நிறுத்தினார். பிறகு குனிந்து, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"மாப்ள, காரு கெடக்கட்டும். மடிய மட்டும் கொண்டா."

வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து போய்ச் சேர்ந்தார்கள். நேரம் தவறவில்லை. தாய்மாமன் மடியில் வேணி வீறிட்டு அழுது முடித்தாள்.

இனிப் பேசலாம் என்று பந்தியில் பூமாலை வாயெடுத்தபோது, தம்பி இலையை மடிக்கட்டும் என்று கொளஞ்சியம்மாள் கண்ணைக் காட்டினாள். அவனோ ரசத்துக்கு இரண்டாம் முறை சோறு கேட்டான். பூமாலையே அள்ளிப் போட்டார். மோரும் ஊற்றினார். ஒருவழியாக இலை மடிந்தது.

"நாளைக்கே பழைய ஸ்பிரிங்க மாட்டிப்புடணும், மாப்ள."

தமிழ்மாறன் விரலை நக்கிக்கொண்டே நிமிர்ந்தான்.

"அத வித்துத்தான மாமா சைலென்சரு வாங்குனேன்."

பூமாலை கரண்டியை வைத்துவிட்டு, காரை இழுக்கக் கயிறு கிடைக்குமா என்று கேட்க வெங்காய வண்டிக்காரரைத் தேடிப் போனார்.