முதல் வரிசையில் மூன்று இருக்கை

கபடி மைதானத்தில் எல்லாரும் எழுந்து நின்று கத்தினார்கள். அம்ருதா மட்டும் கைப்பேசியில் மணி பார்த்தாள். ஆட்டம் சமனில் முடிந்து, எதிர்ப்பக்கம் பாடிப்போக அணிக்கு இன்னும் ஐந்து ரெய்டு என்று நீட்டிவிட்டார்கள். அவளோடு வந்த நாத்தனார் கிளாரிசாவும் தோழி வைஷுவும் சிங்கப்பூரிலேயே பிறந்தவர்கள், புனேக்கு முதல் தடவை. எந்த அணி எதுவென்றே தெரியாமல் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"கிளம்புங்கடி! நிக்டிலேர்ந்து தியேட்டர் போறதுக்குள்ள டிராஃபிக்ல மாட்டிப்போம்."

"ஒரே ஒரு ரெய்டு லா!" என்றாள் கிளாரிசா, சிங்கப்பூர் பாணியில்.

அம்ருதா பிறந்து வளர்ந்தது புனேயை ஒட்டிய இதே நிக்டியில்தான். அப்பா வெங்கடேஸ்வரன் வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. ஆனால் போக முடியாது. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன இடத்தில் கிளாரிசாவின் அண்ணன் ஜெரோஷைக் கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து அவர் மகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு வருஷம்! அப்படி ஒரு வீம்பு. பாங்கிலிருந்து ஓய்வு பெற்றதும் மராத்தி நாடகத்தில் நடிக்கக் கிளம்பிவிட்டார். ஊரார் எல்லாரிடமும் சிரிக்கச் சிரிக்கப் பேசுவாராம், பெற்ற பெண்ணிடம் மட்டும் வாய் திறக்கமாட்டாராம். என்ன மனுஷனோ!

இன்று சாயங்காலம் அவர் நாடகம் இருந்தது. அங்கே போகும் யோசனையைச் சொன்னது அம்மா ருக்மிணிதான். "ஆத்து வாசல்ல நின்னா கதவைச் சாத்திண்டுடுவார். மேடையிலேர்ந்து எங்க போவார்? முதல் வரிசையில உக்காந்துக்கோ. முடிஞ்சு கும்பிடறச்சே உன்னைப் பார்க்கட்டும்."

ஒருவழியாக ஆட்டம் முடிந்து டாக்ஸி பிடித்தார்கள். ஒவ்வொரு சிக்னலிலும் அம்ருதா மணி பார்த்தாள். ஆனாலும் நல்லவேளை, கதவு திறந்த கையோடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சின்ன அரங்கம் அது. டிக்கெட்டில் இருக்கை எண் கிடையாது, முந்தியவர்களுக்கு இடம். முதல் வரிசையில் நட்டநடுவே மூன்று இருக்கைகள் காலியாக இருந்தன.

மத்தியானத்திலிருந்து யாரும் எதுவும் சாப்பிடவில்லை. வாசலில் பன்னுக்குள் சுடச்சுட வடை வைத்துத் தரும் வடாபாவ் மணம் ஆளை இழுத்தது. கிளாரிசா பையிலிருந்து மூன்று டிஷ்யூ பாக்கெட்டை எடுத்து இருக்கைக்கு ஒன்றாக வைத்தாள். சிங்கப்பூர் சாப்பாட்டுக் கடைகளில் அது சட்டம் மாதிரி. டிஷ்யூ இருந்தால் அந்த இடத்துக்கு ஆள் உண்டு, ஒருத்தரும் தொடமாட்டார்கள். சரி, அவளுக்குத்தான் ஊர் தெரியாது. புனேக்காரிக்குப் புத்தி எங்கே போயிற்று? சிங்கப்பூரிலேயே இருந்து பழகியதில் அம்ருதாவுக்கும் அது சரியென்றே பட்டது. மூவரும் சாப்பிட வெளியே போனார்கள்.

நாடகம் தொடங்குமுன் மூன்று மணி அடிப்பார்கள். இரண்டாவது மணி அடித்ததும் ஓடி வந்தார்கள். மூன்று இருக்கையிலும் மூன்று மாமிகள் சட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி அந்த டிஷ்யூவிலேயே கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இது எங்க இடம்," என்றாள் அம்ருதா மராத்தியில்.

"காலியாத்தானே இருந்தது? இதை யாரோ மறந்துட்டுப் போயிட்டாங்கன்னு நினைச்சேன்," என்று மீதி பாக்கெட்டை நீட்டினாள் மாமி.

"எல்லாம் உன்னாலதான்!" என்று கிளாரிசாவிடம் சீறினாள் அம்ருதா. அரங்கம் நிரம்பி வழிந்தது. இடம் காட்டுகிறவர் மேடையின் காலடியில் ஜமுக்காளத்தை விரித்து, அங்கே உட்காரச் சொன்னார். மூன்றாவது மணி அடித்து விளக்கு அணைந்தது.

இவ்வளவு கிட்டத்தில் உட்காருவோம் என்று அவள் நினைத்ததே இல்லை. நடுவில் கண்ணில் பட்டு அவர் வசனம் மறந்தால்? அவர் மானமே போய்விடும், அதற்கப்புறம் ஜென்மத்துக்கும் மன்னிக்கமாட்டார். முந்தானையை இழுத்து முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டாள்.

அப்பா நீதிபதியாக வந்தார். மெலிந்திருந்தார், ஆனால் குரல் கணீரென்று இருந்தது. கூட்டம் அவர் சொன்னதற்கெல்லாம் சிரித்தது. பேசிக்கொண்டே மேடை விளிம்புக்கு வந்தவர் குனிந்து பார்த்தார்.

வாக்கியம் பாதியில் நின்றது.

திரைக்குப் பின்னாலிருந்து யாரோ வசனத்தை எடுத்துக் கொடுத்தார்கள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. கூட நடித்தவர் தொண்டையைக் கனைத்தார். போச்சு, எல்லாம் போச்சு! வெளியே ஓடிவிடலாம் என்று அம்ருதா கையை ஊன்றி எழப்போனாள்.

"தரையில ஏன் உக்காந்திண்டிருக்கே?"

அவர் கேட்டது தமிழில். பின்னால் சிலர் சிரித்தார்கள், அதுவும் நாடகம் என்று.

"சீட் கிடைக்கலேப்பா."

"கால் மரத்துப்போகும். நன்னா நீட்டி உக்காரு." இன்னும் குனிந்தார். "முடிஞ்சதும் போயிடாதே, இரு."

நிமிர்ந்து, விட்ட மராத்தி வாக்கியத்தை மறுபடி தொடங்கினார். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. முதல் வரிசை மாமி பக்கத்தில் இருந்தவளிடம், "இந்த மனுஷர் என்னமா நடிக்கிறார், பாரேன்!" என்றாள்.