மந்திரிக்கு ராகலையில் துக்கம்

முன்னாள் நிதியமைச்சர் குணவிக்ரம காலமான செய்தி காலை ஏழு மணிக்கு டிவியில் வந்தது. எட்டு மணிக்கெல்லாம் நுவரெலியாவில் சண்முகராஜா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, துக்க வீட்டுக்குக் கொண்டுபோகிற மாதிரி தேயிலையும் சீனியும் பையில் எடுத்து வைத்துவிட்டார்.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்றார் மனைவி இந்திராதேவி.

"ராகலைக்கு. வீரய்யாண்ணன் வீட்டுக்குத் துக்கம் கேக்க."

"செத்தது கொழும்புல. மந்திரி என்ன வீரய்யாண்ணனுக்குச் சித்தப்பாவா?"

நியாயமான கேள்விதான். ஆனால் சண்முகராஜா இப்படியொரு சாவுக்காகப் பதினொரு வருடமாகக் காத்திருந்தார். பேச்சு நின்றுபோன இரண்டு வீடுகள் மறுபடி சேர மலையகத்தில் சாவு ஒன்றுதான் வழி. எவ்வளவு பகை இருந்தாலும் அன்றைக்குப் படியேறலாம், ஏன் வந்தாய் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். கடவுள் புண்ணியத்தில் இந்தப் பதினொரு வருடத்தில் இரண்டு வீட்டிலும் ஒரு தலைவலி காய்ச்சல்கூடப் பெரிதாக வரவில்லை. ஆட்கள் நன்றாக இருந்ததால் சேர வழியில்லாமல் போயிற்று.

சண்டைக்குக் காரணமே இந்த மந்திரிதான். டிவியில் மூன்று பேராசிரியர்கள் உட்கார்ந்து, நாட்டின் பொருளாதாரக் கொள்கையை வகுத்த மேதை என்று அவரைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். சண்முகராஜாவுக்கு அந்தக் கொள்கை ஒரே ஒரு விஷயம்: உருளைக்கிழங்கு. உள்ளூரில் கிழங்கு கிண்டி எடுக்கிற மாதங்களில் வெளிநாட்டுக் கிழங்குக்கு வரியை ஏற்று என்றார் மந்திரி. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டே அரை ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கிழங்கு போட்டிருந்த வீரய்யா அதில் தலை நிமிர்ந்தார். தோட்டத்து லய அறையை விட்டு வெளியே வந்து வீடு கட்டினார், மகளை டீச்சராக்கினார். வெளிநாட்டுக் கிழங்கை லொறி லொறியாக இறக்கி மொத்தமாக விற்ற சண்முகராஜா வியாபாரத்தில் படுத்துவிட்டார். அப்பா காலத்துக் கடை கைமாறிப்போயிற்று.

அத்தனைக்கும் வீரய்யாவுக்கு முதல் விதைக்கிழங்கு தேடிக் கொடுத்தவரே சண்முகராஜாதான். ஞாயிறு தவறாமல் கடையில் சேர்ந்து டீ குடித்தவர்கள். கடை போன வயிற்றெரிச்சலில் ஒருநாள் நடு பஜாரில் வைத்து, "ஒங்க மந்திரி செத்தா நான் வெடி கொளுத்துவேன்!" என்று கத்திவிட்டார். வீரய்யா அப்போதே பஸ் ஏறியவர்தான், அதன்பிறகு வரவேயில்லை.

ராகலையில் இறங்கி மேட்டில் ஏறும்போது சண்முகராஜா பாதியில் நின்று பையைக் கை மாற்றிக்கொண்டார். வெடி கொளுத்துவதாகச் சொன்ன ஆள் துக்கம் கேட்க வந்தால் என்ன நினைப்பார்கள்? கேலி செய்ய வந்ததாக நினைத்துக் கதவைச் சாத்திவிட்டால், இன்னொரு சாவுக்கு அவர் எங்கே போவார்?

கதவைத் திறந்தது வீரய்யாவின் மகள் பிரேமினி.

"மாமா..." என்றாள். சின்ன வயதில் கூப்பிட்டது மாறவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்பா காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடல," என்றாள்.

சாமி படங்களோடு மந்திரியின் படத்தையும் மாட்டி, புதிதாகப் பூப் போட்டிருந்தார்கள். அதற்கு எதிரே வீரய்யா குனிந்து உட்கார்ந்திருந்தார். வாங்க என்று சொல்லவில்லை. துக்க வீட்டில் அப்படிச் சொல்லமாட்டார்கள். அதனாலா, கோபத்திலா என்று சண்முகராஜாவுக்குத் தெரியவில்லை. பையைப் பிரேமினியிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

சண்முகராஜாவே ஆரம்பித்தார். "வாய்க்கொழுப்புல அன்னைக்கு என்னென்னமோ சொல்லிட்டேன். மன்னிச்சிருங்கண்ணே. பெரிய மனுசன் அவரு. இந்த வீட்டப் பாத்தாலே தெரியுது."

வீரய்யா நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது.

"அவரு போட்ட வரியில நான் வீடு கட்டுனேன், மொதலாளி. அதே வரியிலதான ஒங்க கடை போச்சு? நீங்க அவர ஏசுனத மட்டும் புடிச்சிக்கிட்டு இத்தன வருசம் இருந்துட்டேன். இந்தப் படத்துக்கு மறக்காமப் பூ போட்டேன். ஒங்கள வந்து ஒரு வார்த்த கேக்கல. கடைய மூடுன அன்னைக்கு, சாவு வீட்டுக்கு வர்ற மாதிரி நான்தான் வந்து ஒங்க பக்கத்துல ஒக்காந்திருக்கணும்."

கடை போனபோது வியாபாரத்தில் இதெல்லாம் சகஜம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். சண்முகராஜாவும் அப்படியே சொல்லிச் சமாளித்தார், யார் முன்னாலும் அழவில்லை. இப்போது குலுங்கிக் குலுங்கி அழுதார். வீரய்யா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அழுகை ஓய்ந்ததும் வீரய்யா எழுந்தார். "பிரேமினி, என் வெள்ளச் சட்டைய எடும்மா."

"எங்கப்பா போறீங்க?"

"நுவரெலியாவுக்கு. மொதலாளி கடைக்குத் துக்கம் கேக்க."

அங்கே இப்போது யாரோ போன் கடை வைத்திருக்கிறார்கள் என்று சொல்லச் சண்முகராஜாவுக்கு வாய் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடவே எழுந்தார்.