செத்தவரின் முந்திரித் தோப்பு

க்வாக்கு சார்போங் செத்துப்போனார் என்று ஊரே கூடி அழுதது. நானும்தான் அழுதேன். அதனால், பிப்ரவரி மாதத்தில் ஒரு காலை அவர் டாக்சியிலிருந்து இறங்கி, "என்ன கொனாடு, சௌக்கியமா?" என்றதும், பொறுக்கிய முந்திரிக்கொட்டையைச் சட்டியோடு போட்டுவிட்டு ஓடினேன்.

அவர் தோப்பும் என் தோப்பும் எங்கள் ஊரான வென்ச்சிக்கு மேற்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அவர் ஜெர்மனியில், ஹாம்பர்க் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். அங்கே சம்பாதித்ததையெல்லாம் இங்கே முந்திரியாக நட்டார். பார்த்துக்கொண்டவன் அவருடைய அக்கா மகன் துமாசி. எங்களுக்குள் மாமன் சொத்து மருமகனுக்குத்தான். பெற்ற பிள்ளைக்கு இல்லை.

போன வருஷக் கடைசியில் துமாசி தலையிலடித்துக்கொண்டு வந்தான். மாமா போய்விட்டாராம், அங்கேயே எரித்துவிட்டார்களாம், உடல் வராதாம். எங்கள் ஜனம் புதைக்குமே தவிர எரிக்காது. போன் செய்து கேட்க வழியில்லை. அவர் மாற்றிய புது எண் துமாசியிடம் மட்டும்தான் இருந்தது. துக்கத்துக்குக் கறுப்பும் சிவப்பும் உடுத்தி, முன்னோர்களுக்கென்று தரையில் ஜின் சாராயம் ஊற்றி, அவர்களோடு அவர் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டோம்.

இப்போது அவர் வெயிலில் நின்று சிரிக்கிறார், நான் விளையாடுகிறேன் என்று நினைத்து. மரத்துக்குப் பின்னாலிருந்து கத்தினேன்.

"அண்ணே, கிட்ட வராதீங்க! உங்களை வழியனுப்பிட்டோம்!"

"எங்கே அனுப்புனீங்க?"

"நீங்க செத்துட்டீங்கண்ணே!"

சிரிப்பு அப்படியே உறைந்தது. விளைச்சல் தீயில் போய்விட்டது என்று துமாசி அவருக்குப் போனில் சொன்னானாம். மனசு கேட்காமல் சொல்லாமல் கிளம்பி வந்திருக்கிறார். நேராகத் தன் தோப்பு வாசலுக்கு நடந்தார். அங்கே புதிதாக ஒரு காவல்காரன்.

"உள்ள போகக்கூடாது பெரியவரே. தோப்பை எங்க முதலாளி பத்து வருஷக் குத்தகைக்கு எடுத்திருக்காரு."

"யார் குடுத்தா?"

"வாரிசுதான். சொந்தக்காரர் செத்துப்போயிட்டாரே."

"அந்தச் செத்தவன் நான்தான்யா!"

காவல்காரன் கம்பைப் போட்டுவிட்டு ஓடினான்.

அவர் வேலியோரம் உட்கார்ந்துவிட்டார். உள்ளே மரங்கள் பழுத்துத் தொங்கின, தீயின் தடமே இல்லை. கீழே கிடந்த ஒரு கொட்டையை எடுத்துப் பல்லால் கடித்தார். "ஐயோ அண்ணே, ஓடு சுடும்!" என்று நான் சொல்வதற்குள் உதடு வெந்து அப்பம் மாதிரி வீங்கிவிட்டது. இத்தனை மரம் வைத்தவருக்கு இது தெரியவில்லை. பேய்க்கு உதடு வீங்குமா? கிட்டே போனேன். கையைத் தொட்டேன், சூடாக இருந்தது. அந்தக் கையை விடாமல் ஊர்த் தலைவர் வீட்டுக்கு இழுத்துப்போனேன்.

துமாசியைக் கூட்டிவந்தார்கள். மாமனைக் கண்டதும் தரையில் உட்கார்ந்தான்.

"ஏன்டா?" வீங்கிய உதட்டோடு அவர் கேட்டது அந்த ஒரு சொல்தான்.

காலில் விழுவான் என்று காத்திருந்தோம். அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"எங்கம்மா செத்தப்போ வந்தீங்களா மாமா? போன்ல அழுதுகிட்டே சொன்னேன். 'முந்திரிக் கன்னுக்குத் தண்ணி ஊத்துனியா'ன்னு கேட்டீங்க. அன்னைக்கே நீங்க எனக்குச் செத்தாச்சு. ஊருக்குத்தான் லேட்டாச் சொன்னேன்."

 

தலைவர் தீர்ப்புச் சொன்னார். குத்தகை செல்லாது, இந்தப் பருவத்து விளைச்சல் மட்டும் குத்தகைப் பணம் கட்டிய வியாபாரிக்கு. துமாசிக்கு இனி வாரிசுரிமை இல்லை. முன்னோர் கூட்டத்திலிருந்து க்வாக்கு அண்ணன் பெயரைத் திரும்ப வாங்க ஓர் ஆடு அறுத்தார்கள். துமாசி அன்றைக்கே குமாசி நகரத்துக்குப் பஸ் ஏறினான். மாமன் அவனைத் தடுக்கவில்லை, திட்டவும் இல்லை.

எல்லாம் முடிந்து தோப்புக்குத்தான் போவார் என்று நினைத்தேன். பாதை பிரியும் இடத்தில் நின்றுவிட்டார்.

"கொனாடு, எங்கக்காவை எங்க புதைச்சீங்க?"

நான்தான் வழி காட்டினேன்.