வெர்லுக்கு நான் கொடுத்த பாராசூட்

1
ஒப்புக்கொள்கிறேன்: இது வெர்ல் டோலிவரின் மனைவி நாடீனுக்கு நான் எழுதிய கடிதமாகத்தான் தொடங்கியது. நான்காவது வரியிலேயே அது என் பக்கத்து நியாயத்தைப் பேச ஆரம்பித்தது. கிழித்துவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

2
“போனவில் உப்புவெளி, வெள்ளைக் கடலாக விரிந்து—”

[வேண்டாம். கார் வேகச் சாதனைக்காக அங்கே வருகிற எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள்.]

வெர்லின் கார் மீனைப் போல ஒடுங்கலானது; படுத்தபடிதான் ஓட்ட முடியும். அன்று காலை மணிக்கு 311 மைல் ஓடியது. பழைய சாதனை 307. அது என்னுடையது. மறுநாள் இன்னொரு ஓட்டம். இரண்டின் சராசரிதான் செல்லும். அதுவரை காரைப் போட்டி அதிகாரிகள் காவலில் வைத்திருப்பார்கள். பழுதுபார்க்க நான்கு மணி நேரம் தருவார்கள். அதில் இருபது நிமிடம் மிச்சமிருந்தபோது நாடீன் என் கூடாரத்துக்கு வந்தாள்.

3
“கிராடி, எங்க பாராசூட் கயிறு கருகிப்போச்சு. உன்னோடதைக் குடு.”

“என் சாதனைய உடைக்க என் துணியேவா? வெக்கமா இல்ல?”

“வெக்கம் இருந்தா வெர்லைக் கட்டியிருப்பேனா? குடுப்பியா, மாட்டியா?”

கொடுத்தேன். ஓட்டம் முடிந்ததும் காரின் பின்னால் விரிந்து அதை நிறுத்துகிற பாராசூட் அது. எதிராளி கேட்டாலும் கொடுப்பது எங்கள் வழக்கம். போன வருடம் வெர்ல் தன் எரிபொருள் பம்பைக் கழற்றித் தந்ததால்தான் நான் 307-ஐத் தொட்டேன். (கிழித்த கடிதத்தில் இதை விட்டுவிட்டேன்.) இரவல் பாராசூட்டைக் கொடுத்தவன் எதிரிலேயே பிரித்துப் பார்ப்பது அவமானம். பிரித்து மடிக்க அவளுக்கு நேரமும் இல்லை.

4
அவள் திரும்பி நடந்தபோதுதான் நினைவு வந்தது. கடைசியாக இந்த உப்புத்தரையில் மழையில் நனைந்ததை உலர்த்தாமல் மடித்துவைத்திருந்தேன். உப்புநீர் காய்ந்தால் மடிப்புகள் ஒட்டிக்கொள்ளும். விரியலாம், விரியாமலும் போகலாம். முந்நூறு மைல் வேகத்தில் வெர்லை நிறுத்த வேறெதுவும் இல்லை.

சொன்னால் அவன் ஓட்டம் ரத்தாகும், என் சாதனை நிற்கும். பொறாமையில் புளுகுகிறான் என்பார்கள். சொல்லாவிட்டால்—

முதல் முடிவு: கிராடி கத்துகிறான், எல்லோரும் காறித் துப்புகிறார்கள்.
இரண்டாம் முடிவு: கிராடி பேசவில்லை, பாராசூட் அழகாக விரிகிறது.

ஒன்றில் அவன் தியாகி, மற்றதில் அதிர்ஷ்டக்காரன். இரண்டையும் அடித்துவிட்டேன்.

5
நாடீன் பாதி வழியில் திரும்புகிறாள். “தேங்க்ஸ்டா கிராடி! நாளைக்குத் தோத்தா அழாத!”

நான் என்ன செய்தேன் என்று சொல்லமாட்டேன். சொன்னால், என்னை எடைபோட்டுவிட்டு நீங்கள் தப்பித்துவிடுவீர்கள். அந்த 307-ஐ உங்கள் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். அவள் இன்னும் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறாள். இப்போது நீங்கள்—