முட்டை தின்னாத ஊர்

கோசோத் தீவைச் சுற்றிக் காட்ட ஓர் ஆளுக்கு என்ன வேண்டும்? வாய் வேண்டும். மார்தீஸுக்கு அது தேவைக்கு மேலேயே இருந்தது. போன வருஷம் அவளைக் கவிழ்த்ததும் அதே வாய்தான்.

வழிகாட்டி உரிமத்துக்கான தேர்வு அது. ஒரு பஸ் நிறைய வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு தீவைச் சுற்றிக் காட்ட வேண்டும். தேர்வாளர் முன் சீட்டில் உட்கார்ந்து கவனிப்பார். மார்தீஸ் என்ன செய்தாள்? நேராகத் தன் ஊரான ஹருபாவுக்கு பஸ்ஸை விடச் சொன்னாள். சூசையப்பர் கோவிலுக்குள் எல்லாரையும் கூட்டிப்போய், சொரூபத்தின் கால் கட்டைவிரலில் ஆரம்பித்தாள். தலைக் கிரீடத்துக்கு வந்து சேர்வதற்குள், தீவின் பெருமையான பழங்காலக் கற்கோவிலின் கதவையே பூட்டிவிட்டார்கள்.

"உங்க ஊர்க் கோவிலுக்கு வழிகாட்டி வேணும்னா உங்கள விட்டா ஆளே கிடையாது" என்றார் தேர்வாளர் ஸெராபா அம்மையார். "தீவுக்கு வேணும்னா நாங்க வேற ஆளத்தான் பாக்கணும்."

அந்தச் சொல் ஒரு வருஷமாக மார்தீஸின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. பதினேழு வருஷம் ஹோட்டல் வரவேற்பு மேஜையில் நின்று, வந்தவனுக்கெல்லாம் கழிப்பறை எந்தப் பக்கம் என்று சொல்லியே காலம் போய்விட்டது. தீவைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஓர் ஆசை. இரண்டு தடவைதான் தேர்வுக்கு விடுவார்கள். இன்றைக்கு இரண்டாவது. இதுவும் போனால் மறுபடி அதே மேஜை, அதே கழிப்பறை.

காலையில் துறைமுகத்தில் பஸ் நின்றது. ஓட்டுநர் யார் என்று பார்த்ததும் படியில் வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். ஜெப்லா ஊர் நேனு! அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் பள்ளி பஸ் ஓட்டியவர்.

"வாம்மா கொக்கரக்கோ" என்றார் நேனு. "என் தலையப் பாத்தாலே பின் சீட்டுல ஏறி நின்னு கோழி மாதிரி கத்துவியே, நீதானே அது?"

"அது அந்தக் காலம் நேனு அண்ணே."

"எனக்கு இன்னும் காதுல கேக்குது."

கத்தியது உண்மைதான். ஹருபாப் பிள்ளைகள் எல்லாரும் கத்துவார்கள். ஹருபாவுக்கும் ஜெப்லாவுக்கும் நடுவே ஒரே ஒரு பள்ளத்தாக்கு. இங்கே சூசையப்பர், அங்கே அந்தோணியார். இவர்கள் வெடி வெடித்தால் அவர்கள் அதைவிடப் பெரிய வெடி வெடிப்பார்கள். பெண் கொடுப்பார்கள், எடுப்பார்கள், அதெல்லாம் உண்டு. ஆனால் திருவிழா வாரம் வந்துவிட்டால் கட்டின பெண்டாட்டிகூடப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்த ஊருக்குப் போய்விடுவாள். ஜெப்லாக்காரனை ஹருபாவில் யாரும் ஜெப்லாக்காரன் என்று சொல்வதில்லை. "முட்டை தின்னாதவன்" என்றுதான் சொல்வார்கள். அவன் எதிரே வந்தால் கொக்கரிப்பார்கள்.

மார்தீஸின் அப்பா சென்சு, ஹருபா பாண்டு வாத்தியக் குழுவில் பெரிய முரசு அடிப்பவர். சின்ன வயசில் அவள் ஒருநாள் கேட்டாள், "அப்பா, ஜெப்லா கோவிலுக்குள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. காத்துதான்" என்றார் சென்சு. "அந்த வாசப்படிய மிதிச்ச கால் நம்ம வீட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாது, தெரிஞ்சுக்கோ."

நாற்பத்தோரு வயது வரை மார்தீஸ் மிதிக்கவில்லை. தீவின் ஒவ்வொரு பாறையும் அவளுக்குத் தெரியும். வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெரிகிற ஜெப்லா கோவிலின் உள்ளே மட்டும் அவளுக்குத் தெரியாது.

ஸெராபா அம்மையார் பக்கத்துப் பெரிய தீவான மால்ட்டாவிலிருந்து வந்த கப்பலை விட்டு இறங்கினார். ஒல்லியான உடம்பு, ஒரு மடிப்பு கலையாத உடுப்பு. "நல்லா கேட்டுக்குங்க" என்றார். "கற்கோவில், உப்புப் பாத்தி, அப்புறம் ஓர் ஊர்க் கோவில். ஹருபால பஸ் நிக்காது."

"நிக்காதா மேடம்?"

"நிக்காது. அதுக்குப் பதிலா ஜெப்லா."

சேசு மரி சூசையே! மார்தீஸ் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள். ஓட்டுநர் இருக்கையில் நேனு ஏதோ இருமுவது போலக் குலுங்கினார். அது இருமல் இல்லை.

கற்கோவிலில் அவள் நன்றாகவே செய்தாள். ஆளைவிட இரண்டு மடங்கு உயரக் கற்கள், வண்டியும் சக்கரமும் இல்லாத காலத்தில் தூக்கி நிறுத்தியவை. "எங்க தீவுல ஒரு ராட்சசி இருந்தா, அவ தனியா கட்டுனதுதான் இது" என்று ஆரம்பித்தாள். "தோள்ல கைக்குழந்தை, தலைல பாறாங்கல்லு. வழியெல்லாம் மொச்சைய மென்னுக்கிட்டே நடந்தாளாம். ஆம்பளைங்க எங்க போனாங்கன்னு கேக்காதீங்க. கதைல அவங்களப் பத்திப் பேச்சே இல்ல."

பயணிகள் சிரித்தார்கள். ஸெராபா அம்மையார் சிரிக்கவில்லை, ஆனால் கைக்கடிகாரத்தையும் பார்க்கவில்லை. கடலோரத்தில் பாறையில் வெட்டிய உப்புப் பாத்திகள் வெயிலில் பளபளத்தன. ஆளுக்கு ஒரு சிட்டிகை உப்பை நாக்கில் வைக்கக் கொடுத்தாள். அளவாகப் பேசினாள், நேரத்துக்குக் கிளப்பினாள்.

அப்புறம் ஹருபா வந்தது.

நேனு வேண்டுமென்றே பஸ்ஸை ஆமை போல உருட்டினார். கோவில் முகப்பு, அதில் இரண்டு கடிகாரம். ஒன்று சரியான மணி, மற்றது பிசாசைக் குழப்புவதற்காகப் பொய் மணி. மார்தீஸின் தொண்டைக்குழியில் நூறு வார்த்தை முட்டி மோதியது. ஸெராபா அம்மையார் பக்கவாட்டில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடது பக்கம் ஹருபா" என்றாள் மார்தீஸ். அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டாள். பிரசவ வலிகூட அவளுக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை.

"ரெண்டு கடிகாரமும் பொய்தான்" என்று நேனு முணுமுணுத்தார்.

சதுக்கத்தில் மதுக்கடை வாசலில் உட்கார்ந்திருந்த சென்சு, பஸ்ஸில் மகளைப் பார்த்துப் பெருமையோடு கையைத் தூக்கினார். பஸ் நிற்கவில்லை. பள்ளத்தாக்குப் பக்கம், ஜெப்லாவுக்குப் போகிற சாலையில் திரும்பியது. தூக்கிய கை தூக்கினபடியே நின்றதை மார்தீஸ் கண்ணாடி வழியே பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் அதற்கும் மதிப்பெண் குறைப்பார்கள் என்று அடக்கிக்கொண்டாள்.

ஜெப்லா கோவில் வாசற்படியில் ஒரு கணம் தயங்கினாள். நேனு பஸ்ஸில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தார்.

"கால் சுடாதும்மா, போ" என்றார்.

போனாள். நிமிர்ந்து பார்த்தாள். படித்து மனப்பாடம் செய்திருந்ததெல்லாம் ஒரே நொடியில் பறந்துபோனது.

அட பாவிகளா! இவ்வளவு அழகாகவா கட்டி வைத்திருக்கிறீர்கள்?

தேன் நிறக் கல் மேலே மேலே போய், தலைக்கு மேல் ஒரு வானமாகவே கவிழ்ந்திருந்தது. ஜன்னல்களிலிருந்து வெயில் நீளமாக இறங்கியது. ஒரு கிறுக்கல் இல்லை, அவசரத்தில் பூசி மெழுகிய இடம் ஒன்றுகூட இல்லை. நாற்பத்தோரு வருஷம் எதிர் மேட்டில் குடியிருந்துகொண்டு இதைப் பார்க்காமல் விட்டோமே என்று அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"ம்?" என்றார் ஸெராபா அம்மையார்.

வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. எந்த வருஷம், எந்தச் சிற்பி, எத்தனை அடி, எதுவும் வரவில்லை. பயணிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நேனு தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே வந்து நின்றார். ஹருபாக்காரி ஒருத்தி ஜெப்லா கோவிலில் வாயடைத்து நிற்கிற காட்சியை எந்த ஜெப்லாக்காரன் தவறவிடுவான்?

போலந்திலிருந்து வந்திருந்த ஒரு பருத்த அம்மாள்தான் கேட்டாள். "ஏங்க, ஊரு இத்தூண்டு இருக்கு. இதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய கோவில்?"

அந்தக் கேள்விக்கு ஹருபாவில் ஒரே பதில்தான் உண்டு. பால் குடிக்கிற குழந்தைகூடச் சொல்லும். மார்தீஸ் நினைப்பதற்கு முன்பே அது வெளியே விழுந்துவிட்டது.

"கொழுப்பு!"

கோவில் முழுக்க அது எதிரொலித்தது. ஸெராபா அம்மையாரின் புருவம் மேலே போனது. நேனுவின் முகம் கறுத்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள் மார்தீஸ். ஆனால் வாய் திறந்துகொண்டுவிட்டது, இனி அது நிற்காது.

"நான் எதிர் ஊருக்காரிங்க. அதோ பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம். இந்தக் கோவிலுக்குள்ள இன்னிக்குத்தான் மொத மொதல்ல கால் வெக்கிறேன். எங்க ஊர்ல இவங்கள என்னன்னு கூப்பிடுவோம் தெரியுமா? முட்டை தின்னாதவங்க. ரோட்டுல பாத்தா கோழி மாதிரி கத்துவோம். நானும் கத்தியிருக்கேன். அதோ நிக்கிறாரே, ஓட்டுநர், அவரப் பாத்தே கத்தியிருக்கேன்."

எல்லாத் தலையும் கதவுப் பக்கம் திரும்பியது. நேனு அசையவில்லை.

"எதுக்கு அந்தப் பேருன்னா..." என்று சொல்ல வந்தவள் நின்றாள். எதுக்கு என்று அவளுக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். ஆனால் இத்தனை நாளும் கேலியாக மட்டுமே தெரிந்திருந்தது. இந்தக் கூரைக்குக் கீழே நின்று அவள் அதை ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

"எதுக்குன்னா, இந்தக் கோவில் கட்ட இவங்ககிட்ட காசு இல்ல" என்றாள். குரல் தணிந்துவிட்டது. "கோழி இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை எந்தக் கோழி முட்டையிட்டாலும் அது அந்தோணியாருக்குன்னு ஊர் கூடி முடிவு பண்ணாங்க. பூசை முடிஞ்சதும் கூடை வீடு வீடா வரும். காய்ச்சல்ல கெடக்கிற பிள்ளை இருக்கிற வீட்டுக்கும் வரும். துறைமுகத்துக் கப்பல்காரனுக்கு வித்து, அந்தக் காசுல கல்லு வாங்குனாங்க. ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்ல. கூடை தூக்க ஆரம்பிச்ச பொண்ணு பாட்டியாகுற வரைக்கும். பழைய சின்னக் கோவில இடிக்காம, அதச் சுத்தியே இதக் கட்டுனாங்க, பூசை ஒரு நாளும் நிக்கக் கூடாதுன்னு. கடைசில அந்தப் பழைய கோவிலக் கல்லு கல்லாப் பிரிச்சு, இந்தக் கதவு வழியா வெளிய தூக்கிட்டுப் போனாங்க. அண்ணாந்து பாருங்க. ஒவ்வொரு கல்லும் ஒரு முட்டை. இவங்க திங்காத முட்டை."

போலந்து அம்மாள் வாயைத் திறந்தபடி அண்ணாந்து நின்றாள்.

"காலைல ஒரு ராட்சசி கதை சொன்னேன்ல? அவ மொச்சை தின்னு கட்டுனா. இவங்க முட்டை தின்னாம கட்டுனாங்க. எங்க தீவுக்காரங்க அப்படித்தான். எங்களுக்குக் கொழுப்பு ஜாஸ்தி!"

எங்க தீவு என்று சொல்லும்போது அவள் முதுகு தானாக நிமிர்ந்தது. கதவருகே நேனு தொப்பியைக் கசக்கிக்கொண்டு, தன் ஊர்க் கூரையை இன்றைக்குத்தான் பார்ப்பவர் போல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் துறைமுகத்தில் ஸெராபா அம்மையார் கைப்பையை மூடினார். "கட்டின வருஷம் சொல்லல. சிற்பி பேர் சொல்லல. கோவிலுக்குள்ள நின்னுக்கிட்டுக் கொழுப்புன்னு கத்துனதுக்குக் கணிசமா மதிப்பெண் குறைச்சிருக்கேன்."

மார்தீஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தீவுக்கு ஒரு வழிகாட்டி வேணும்னு போன வருஷம் சொன்னேன்ல? கெடச்சாச்சு. உரிமம் வீட்டுக்கு வரும்" என்று சொல்லிவிட்டு, அவர் கப்பலைப் பார்த்து நடந்தார். மார்தீஸ் அங்கேயே பஸ் படியில் உட்கார்ந்து, காலையிலிருந்து அடக்கி வைத்த அழுகையை எல்லாம் அழுது தீர்த்தாள்.

"ஏய், கொக்கரக்கோ" என்றார் நேனு. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, அவித்த முட்டை ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார். இன்னும் உரிக்காதது. "நேத்து ஞாயித்துக்கிழமை போட்டது. கோவில் கட்டி முடிச்சாச்சுல்ல, இப்ப நாங்களும் திங்கிறோம். ஒங்க அப்பன்கிட்ட குடு. குடுத்துட்டு, கொக்கரிக்கச் சொல்லு."

ஹருபா மதுக்கடையில் சேதி அவளுக்கு முந்தியே வந்து உட்கார்ந்திருந்தது. அவள் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. சென்சு தன் கண்ணாடித் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உரிமம் கெடச்சிருச்சுப்பா."

"உள்ள போனியா?"

"போனேன்."

"என்ன இருக்கு?"

"காத்து மட்டும் இல்லப்பா."

சென்சு தம்ளரைத் தள்ளி வைத்தார். பிறகு, குரலைத் தாழ்த்தி, யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போலக் கேட்டார். எல்லாருக்கும் கேட்டது. "நம்மளத விட ஒசரமா?"

மார்தீஸ் இப்போது தீவின் வழிகாட்டி. பொய் சொல்ல முடியாது. "ஒரு சாண் ஒசரம்" என்றாள்.

கடையில் யாரோ "ஐயோ" என்றார்கள். அவள் முட்டையை மேஜைமேல் வைத்தாள். "ஜெப்லா முட்டை. நேனு அண்ணன் குடுத்துவிட்டாரு. ஞாயித்துக்கிழமை முட்டை. தின்னுட்டு உன்னக் கொக்கரிக்கச் சொன்னாரு."

முரசு அடித்து அடித்துக் காய்த்துப்போன விரல்களால் சென்சு முட்டையை எடுத்து உருட்டிப் பார்த்தார். மேஜை விளிம்பில் தட்டினார். ஓடு உரித்தார். உப்பு கேட்டு வாங்கி, தொட்டுக்கொண்டு பாதியைக் கடித்தார். மெதுவாக மென்றார். கடை முழுக்க அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

மீதிப் பாதியை மகள் பக்கம் தள்ளினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"இத்தனை ருசியா இருக்கே" என்றார். "இதத் திங்காம எப்படிடி இருந்தானுங்க?"