நான்காவது கிணற்றில் உப்பு

சாயத் தொழிற்சாலையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பிரிவு மேற்பார்வையாளரை எல்லோரும் 'மீட்டர்' என்றே அழைத்தார்கள். தண்ணீரின் உப்பளவைக் காட்டும் கைக்கருவி எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். தங்கை கல்யாணப் பந்தியில் வைத்த பழரசத்தையே அளந்துவிட்டுக் குடித்தவர். சம்பந்தி வீட்டார் அதை இன்னும் மன்னிக்கவில்லை.

அன்று காலை கருவி காட்டிய எண்ணைப் பார்த்ததும் மீட்டர் இன்னொரு கருவியையும் எடுத்து அளந்தார். நாலாயிரத்து நூறு. போன மாதம் எழுநூறு.

தொழிற்சாலைக்குப் பின்னால், சுத்திகரித்த பிறகும் மிஞ்சும் உப்புநீரை வெயிலில் வற்றவைக்கும் குளம் ஒன்று இருந்தது. அடியில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு. விரிப்பு கிழிந்து உப்புநீர் மண்ணில் இறங்கினால் தெரியவேண்டுமே என்று குளத்தைச் சுற்றி நான்கு குழாய்க்கிணறுகள். யாரும் குடிப்பதில்லை, மாதம் ஒருமுறை அளப்பதோடு சரி. உப்பு ஏறியிருந்தது நான்காவதில். அதற்கு இருபதடியில் மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் மீட்டருடைய அக்கா வீட்டுத் தெரு. தெருவே குடிப்பது போர் தண்ணீரைத்தான்.

மீட்டர் இரண்டு காரியம் செய்தார். குளத்துக்குப் போகும் வால்வை மூடினார். அக்காவுக்குப் போன் செய்தார். முதலாவது சரியான காரியம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

"அக்கா, நான் சொல்ற வரைக்கும் போர் தண்ணி குடிக்க வேணாம். அக்கம்பக்கத்துலயும் சொல்லிடு. பயமுறுத்தாம, பதமா சொல்லு."

"எனக்குப் பதமா பேசத் தெரியாதாடா?" என்று போனை வைத்தாள் அக்கா.

பத்து நிமிடத்தில் தெருக்கோடி வீட்டுக்காரருக்கு வாந்தியே வந்துவிட்டது. அவர் அப்போதுதான் வெளியூரிலிருந்து வந்து இறங்கியிருந்தார். குழாயைத் தொடக்கூட இல்லை.

வால்வை மூடியதால் கழிவுநீர் முழுக்கத் தேக்குத் தொட்டியில் ஏறத் தொடங்கியது. தொட்டி தாங்குவது ஆறு மணி நேரம். அதற்குமேல் ஆலையை நிறுத்த வேண்டும். மேலாளர் மூச்சிரைக்க வந்தார்.

"கருவி தப்பா இருக்கலாம்ல?"

"இன்னொரு கருவியிலயும் பாத்துட்டேன் சார். அதேதான்."

"அப்ப கிணறு தப்பா இருக்கலாம்ல?"

மேலாளரும் சில சமயம் தவறிப்போய்ச் சரியாகப் பேசிவிடுவார் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

ஆய்வகத்து அம்மா நான்காவது கிணற்றுத் தண்ணீர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "சார், குளத்துத் தண்ணி என்ன நிறம்?"

"கட்டி டீ மாதிரி."

"இதப் பாருங்க." பாட்டில் பளிங்காக இருந்தது. "குளம் ஒழுகினா உப்பு மட்டும் தனியா டிக்கெட் எடுத்துட்டு வருமா? கூட நிறம் வரணும், மத்த சரக்கும் வரணும். எதுவும் இல்ல. இது வெறும் உப்பு."

இருவரும் நான்காவது கிணற்றுக்கு விரைந்தார்கள். கிணற்றுக் குழாயைச் சுற்றி இடுப்புயரக் காங்கிரீட் மேடை. மேடைமேல் பன்னிரண்டு உப்பு மூட்டைகள். பாய்லருக்குப் போகும் தண்ணீரை மென்மையாக்கும் உப்பு. போன வாரத்து மழையில் அடிமூட்டைகள் கரைந்து தொய்ந்திருந்தன. காலையில் மாதிரி எடுத்தவர் மூட்டைகளை நகர்த்தி, எடுத்து, மறுபடி அதே வரிசையில் அடுக்கிவிட்டுப் போயிருந்தார். ஒழுங்கான மனிதர்.

பாய்லர்காரர் வரவழைக்கப்பட்டார்.

"இதை யார் இங்க வெச்சது?"

"நான்தான். நீங்கதான சார் நோட்டீஸ் ஒட்டுனீங்க? உப்பு மூட்டையத் தரையில வைக்காதே, மழையில கரைஞ்சா நிலத்தடி நீர் கெட்டுப்போகும், மேடையில வைன்னு. இந்தப் பக்கம் மேடைன்னு இருக்கறது இது ஒண்ணுதான்."

"இது கிணறுய்யா."

"மூடி போட்டிருக்கே."

"மூடியில ஓட்டை இருக்கு. நீர்மட்டம் பாக்க நாடா இறக்கறதுக்கு."

"அது நோட்டீஸ்ல இல்லையே சார்."

இல்லைதான். மீட்டருக்கு நன்றாக நினைவிருந்தது. நோட்டீஸின் அடியில் அவர் கையெழுத்து அழகாக விழுந்திருந்தது.

காரணம் அகப்பட்டுவிட்டது என்பதற்காகக் குளம் யோக்கியம் என்று ஆகிவிடாது. மூட்டைகளை இறக்கி, கிணற்றுக்குள் பம்பை விட்டார்கள். தேங்கிய தண்ணீரை இறைத்தபின், மண்ணிலிருந்து புதிதாக ஊறுவதும் உப்பாகவே இருந்தால் குளம்தான் குற்றவாளி. இறைத்த நீரை மண்ணில் விடாமல் தேக்குத் தொட்டிக்கே குழாய் போட்டார் மீட்டர். மேலாளர் தொட்டியின் விளிம்பில் நின்று, "இன்னும் ஒரு முழந்தான் இருக்கு," என்று புலம்பினார்.

மூவாயிரம். இரண்டாயிரத்து இருநூறு. ஆயிரத்து முந்நூறு.

ஆயிரத்து முந்நூறில் எண் நின்றுவிட்டது. பத்து நிமிடம் அசையவில்லை. அக்காவின் இரண்டு பிள்ளைகளும் குழாயில் வாய்வைத்துக் குடிப்பவர்கள் என்பது மீட்டருக்கு அப்போது பார்த்து ஞாபகம் வந்தது. மேலாளர்கூடத் தொட்டியை மறந்து கருவியையே பார்த்தார்.

தொள்ளாயிரம். எழுநூற்று இருபது. எழுநூற்றுப் பத்து. மறுபடியும் எழுநூற்றுப் பத்து.

"நிறமும் இல்ல சார்," என்றார் ஆய்வகத்து அம்மா. அக்கா வீட்டிலிருந்து மதில்மேல் வாங்கிய பாட்டிலையும் அளந்தார். அறுநூற்று எண்பது, எப்போதும் உள்ளதுதான்.

மீட்டர் வால்வைத் திறந்தார். குழாயில் தண்ணீர் பாயும் சத்தம் கேட்டதும் மேலாளர் நாற்காலி இல்லாத இடத்தில் உட்கார்ந்தார்.

அக்காவுக்குப் போன் போட்டார். "நல்ல தண்ணிதான்க்கா. குடிக்கலாம்."

"நான் சொன்னா எவ நம்புவா? கெட்டதுன்னு சொன்னப்ப மட்டும் ஒரே வார்த்தையில நம்பினாங்க. நீயே நேர்ல வந்து சொல்லு."

போனார். வாசலில் நாற்பது வீடும் நின்றது. நடந்ததை, நோட்டீஸ் உட்பட, ஒளிக்காமல் சொன்னார். மாமா ஒரு செம்புத் தண்ணீரை நீட்டினார். மீட்டர் அண்ணாந்து கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

"ரெண்டு நிமிஷம் அப்படியே நிக்கட்டும், பாப்போம்," என்றாள் எதிர்வீட்டு அத்தை.

நின்றார். தெருவே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு நிமிடம் ஆவதற்குள் அக்கா உள்ளே போய் உலை வைத்துவிட்டாள். பிள்ளைகள் குழாயடிக்கு ஓடினார்கள். இன்னும் பத்து நிமிடம் நிற்கச் சொல்லியிருந்தாலும் மீட்டர் நின்றிருப்பார்.